பேய்க்கு என்ன வேண்டும்?

நம் சினிமாப் பேய்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், கொலுசுச் சத்தம், நடுராத்திரியில் எங்கிருந்தோ வரும் மல்லிகைப்பூ வாசம். அநேகமாகப் பெண் பேய்தான். (ஆண்கள் செத்தால் நேராகச் சொர்க்கத்துக்குப் போய்விடுவார்கள் போலிருக்கிறது!) உயிரோடு இருந்தபோது நாலு பேர் சேர்ந்து அவளுக்குக் கெடுதல் செய்திருப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் வரும். அப்புறம் ஒவ்வொருவராகப் பழிவாங்கல். கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து அடக்கிவிடுவார். வெளியே வந்து பஜ்ஜி சாப்பிடும்போதே பேய் மறந்துபோயிருக்கும்.

எனக்கும் இந்தப் படங்கள் பிடிக்கும். ஹாஸ்டலில் விளக்கை அணைத்துவிட்டு ஆறு பேர் ஒரே போர்வைக்குள் பார்த்திருக்கிறோம். ஆனால் கடந்த இரண்டு வருடமாக நான் தேடிப் படித்துக்கொண்டிருப்பது வேறு வகைப் பேய். பெண்கள் எழுதிய புத்தகங்களில் வரும் பேய். இவை பயமுறுத்துவதற்காக வருவதில்லை. சில புத்தகங்களில் சமையலறையில் உட்கார்ந்து சாப்பாடு கேட்கின்றன. சிலவற்றில் மாடிப்படியில் இறங்கிவருகின்றன, அவ்வளவுதான். அப்படியானால் இவற்றுக்கு என்னதான் வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது (பேய் மாதிரியே).

முதலில் நம்ம ஊர் ஆளிடமிருந்து தொடங்குகிறேன். தமிழில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பெண் கவிஞர்களில் ஒருவர் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். காரைக்கால் அம்மையார். பாட்டின் முடிவில் 'காரைக்கால் பேய்' என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி பெயர் வைத்துப் பாடியவர். மாம்பழக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வதைத்தான் கவனிக்க வேண்டும். கணவன் பயந்துபோய் அவரை விட்டுவிட்டு வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்று இவர் பெயரையே வைக்கிறான். இவரைப் பார்த்ததும் குடும்பத்தோடு காலில் விழுகிறான். அப்போதுதான் அவர், கணவனுக்காகச் சுமந்த இந்த அழகான உடம்பு இனி எதற்கு என்று அதை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

யோசித்துப் பாருங்கள். மனைவி என்ற வேலை முடிந்துவிட்டது. அடுத்து அவர் யார்? விதவை இல்லை, கன்னி இல்லை, துறவி என்றும் சொல்ல முடியாது. ஒரு பெண் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது நடுவில் நிற்கிற இடத்துக்கு அந்த ஊரில் பெயரில்லை. இருந்த ஒரே பெயர், பேய். அதை அவர் எடுத்துக்கொண்டார். 'பெயரில்லாத இடம்' என்ற இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வரும்.

அங்கிருந்து பெரிய தாவலாக, 1815ஆம் வருட இங்கிலாந்து. மேரி என்ற பெண்ணுக்கு வயது பதினேழு. பிப்ரவரி 22 அன்று அவளுக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. மார்ச் 6 அன்று காலையில் பார்த்தால் குழந்தை இறந்துகிடக்கிறது. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்துத் தன் டைரியில் ஒரு கனவை எழுதிவைக்கிறாள். குழந்தை சாகவே இல்லை, உடம்பு குளிர்ந்து மட்டும் போயிருந்தது, நெருப்பின் முன்னால் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று கனவு. விழித்தபோது குழந்தை இல்லை.

இந்த மேரிதான் பிறகு மேரி ஷெல்லி. அடுத்த வருடம், 1816 ஜூனில், ஜெனிவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் மழைக்கு ஒதுங்கிய நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று போட்டி வைத்துக்கொள்கிறார்கள். கூட இருந்தவர்களில் ஒருவர் பைரன், இன்னொருவர் அவள் காதலர் ஷெல்லி. அந்தப் போட்டியில்தான் 'ஃபிராங்கன்ஸ்டைன்' தொடங்கியது. 1818 ஜனவரியில் புத்தகமாக வந்தது. செத்த உடம்புகளிலிருந்து ஒரு உயிரை உண்டாக்குகிற கதை. இதை விஞ்ஞானம் எல்லை மீறுவதைப் பற்றிய கதை என்றே நமக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் கனவைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அப்படி மட்டும் படிக்க முடியவில்லை. குளிர்ந்த உடம்புக்கு மறுபடி சூடு ஏற்ற முடியாதா என்று ஏங்கிய ஒரு பதினேழு வயது அம்மாவும் அதில் இருக்கிறாள்.

இன்னொன்று. மேரியின் சொந்த அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணுரிமை பற்றி எழுதிய பெரிய எழுத்தாளர், மேரியைப் பெற்ற பதினோராம் நாள் இறந்துபோனவர். ஆக மேரிக்குப் பிறப்பும் இறப்பும் ஆரம்பத்திலிருந்தே ஒரே அறையில்தான் நடந்தன. அவள் படைத்த அந்த ஜீவனுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதைச் செய்தவனின் பெயர். பெயரில்லாமல் போன குழந்தை, பெயரில்லாத ஜீவன். முதல் பதிப்பில் எழுதியவள் பெயரும் போடவில்லை!

அடுத்து டோனி மாரிசன். இவரைப் படிக்க எனக்கு ஒரு செமஸ்டர் விடுமுறை முழுக்க ஆனது. முதல் ஐம்பது பக்கம் ஒன்றும் புரியாது, விடாதீர்கள். 'பிலவ்ட்' நாவல் 1987இல் வந்தது, மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்றது. மாரிசனுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாவலுக்குப் பின்னால் ஒரு உண்மைச் சம்பவம் உண்டு. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு தப்பி, உறைந்துகிடந்த ஒஹையோ ஆற்றை நடந்து கடந்து சின்சினாட்டிக்கு வந்து சேர்கிறாள். பிடிக்க ஆட்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். மறுபடி அடிமையாகப் போவதைவிட மேல் என்று தன் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறாள். பிறகு நடந்த வழக்கில் ஒரு விசித்திரமான சிக்கல். கொலைக் குற்றம் சாட்டினால் அவள் மனுஷி என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். கடைசியில் சட்டம் அவளைச் சொத்து என்றே முடிவுசெய்து எஜமானிடம் திருப்பி அனுப்பியது. இரண்டு வருடத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். மாரிசன் பதிப்பகத்தில் எடிட்டராக வேலை பார்த்தபோது, 1974இல் வெளிவந்த 'தி பிளாக் புக்' என்ற தொகுப்புக்காகப் பழைய செய்தித்தாள்களைத் திரட்டுகையில் இந்தச் செய்தி அவர் கண்ணில் பட்டது.

நாவலில் அந்தத் தாயின் பெயர் ஸெத். கொல்லப்பட்ட குழந்தைக்குப் பெயர் இல்லை. தவழ ஆரம்பித்த குழந்தை, அவ்வளவுதான். கல்லறைக் கல்லில் ஏதாவது எழுத வேண்டும், கையில் காசில்லை. கல் கொத்துகிறவன் பணத்துக்குப் பதிலாக அவள் உடம்பைக் கேட்கிறான். பத்து நிமிடத்துக்கு ஏழு எழுத்து. அடக்கத்தின்போது பாதிரியார் சொன்ன வார்த்தைகளில் ஒன்றே ஒன்றைத்தான் அவளால் வாங்க முடிந்தது. 'பிலவ்ட்', பிரியமானவள். அதுதான் அந்தக் குழந்தைக்குக் கிடைத்த பெயர். பதினெட்டு வருடம் கழித்து அதே பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு இளம்பெண் தண்ணீரிலிருந்து எழுந்துவந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் பழிவாங்க வரவில்லை. அம்மா வேண்டும் என்று வருகிறாள். கதை சொல்லச் சொல்கிறாள், இனிப்பு கேட்கிறாள், அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸெத்தும் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு அவளோடே கிடக்கிறாள். மகள் பெருக்கிறாள், அம்மா இளைத்துத் தேய்கிறாள். இந்த இடத்தில் மாரிசன் ஒரு கடினமான விஷயத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. துக்கத்தை வெளியே நிறுத்திக் கதவை மூடினால் அது பேயாக வரும். சரி. ஆனால் வீட்டையே அதற்குக் கொடுத்துவிட்டால் அது இருப்பவர்களைத் தின்னும்.

ஸெத்தைக் காப்பாற்றுவது மந்திரவாதி இல்லை. உயிரோடு இருக்கும் இன்னொரு மகள் டென்வர். வருடக்கணக்கில் வாசல்படி தாண்டாத பெண், பசி பொறுக்காமல் ஒருநாள் தெருவில் இறங்கி அக்கம்பக்கத்தில் உதவி கேட்கிறாள். முதலில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வருகின்றன. பிறகு ஒருநாள் முப்பது பெண்கள் சேர்ந்து அந்த வீட்டு வாசலில் வந்து நின்று பாடுகிறார்கள். எல்லோரும் ஸெத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், எனக்கு என்னவோ டென்வரைத்தான் மறக்க முடியவில்லை. அக்கா செத்த வீட்டில் மிச்சமிருக்கும் தங்கை. காரணம் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

மூன்றாவது, ஹிலரி மாண்டெல். இங்கிலாந்து அரசர் காலத்து நாவல்களுக்காக 2009, 2012 என்று இரண்டு முறை புக்கர் பரிசு வாங்கியவர், 2022இல் காலமானார். எனக்குப் பிடித்தது அவருடைய சுயசரிதை, 2003இல் வந்த 'கிவ்விங் அப் தி கோஸ்ட்'. ஆங்கிலத்தில் அதற்கு உயிரை விடுவது என்றும் அர்த்தம், பேயை விட்டுவிடுவது என்றும் அர்த்தம். விற்கப்போகும் வீட்டின் மாடிப்படியில் இறந்துபோன மாற்றாந்தகப்பன் இறங்கிவருவதைப் பார்ப்பதில் தொடங்குகிறது புத்தகம். அலறல் எல்லாம் இல்லை. இது ஒற்றைத் தலைவலியின் வேலையாகவும் இருக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டு, மேற்கொண்டு நடக்கிறார்.

மாண்டெலுக்கு இளம்வயதிலிருந்தே தாங்க முடியாத வயிற்றுவலி. டாக்டர்கள் நம்பவில்லை. மனக்கோளாறு என்று அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பிறகு போட்ஸ்வானாவில் இருந்தபோது மருத்துவப் புத்தகங்களைப் புரட்டித் தனக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ் என்று தானே கண்டுபிடித்தார். இருபத்தேழு வயதில் ஆபரேஷன். கர்ப்பப்பை போனது. அவருக்கும் கணவருக்கும் பிறக்கலாம் என்று நினைத்திருந்த மகளுக்கு ஒரு பெயர் இருந்தது, கத்ரியோனா. அவள் பிறக்கவே இல்லை. ஆனால் புத்தகத்தில் அவள் இருக்கிறாள். செத்தவர்கள் மட்டும் பேய் இல்லை, நடக்காமல் போன வாழ்க்கையும் பேய்தான் என்பது மாண்டெலின் கணக்கு. இங்கே விஷயம் தலைகீழ். மேரியின் குழந்தைக்கு உடம்பு இருந்தது, பெயர் இல்லை. மாண்டெலின் குழந்தைக்குப் பெயர் இருந்தது, உடம்பு இல்லை.

சரி, இவ்வளவு தூரம் ஏன் இந்தக் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கேட்பீர்கள்.

போன வருடம் அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கிற சமயம். ரத்தப்போக்கு அதிகமாகி, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கார்டில் எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டார், "எத்தனை பிரசவம்மா?"

"மூணு" என்றாள் அம்மா. "ரெண்டு இருக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். எங்கள் வீட்டில் நானும் தம்பியும் மட்டும்தான். நான்தான் மூத்தவள் என்று இருபத்தோரு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மருந்துக்கடையிலும் பேசவில்லை, ஆட்டோவிலும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்த பிறகு அம்மாவாகவே சொன்னாள். எனக்கு ஒன்றரை வருடம் முன்னால் ஒரு பெண் குழந்தை. அம்மாச்சி வீட்டில் தலைப்பிரசவம். மூன்றாம் நாள் மூச்சு நின்றுவிட்டது. தாத்தா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து வேலியோரம் புதைத்துவிட்டு வந்தார். பச்சை உடம்புக்காரி வரக்கூடாது என்று அம்மாவை விடவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அத்தனை சின்னக் குழந்தைக்குக் காரியம் கிடையாது, திதி கிடையாது. போட்டோவும் கிடையாது.

"அழுதியாம்மா?" என்று கேட்டேன்.

"அழ விட்டாத்தானடி. அழுதா அடுத்தது தங்காதுன்னு அம்மாச்சி வாயைப் பொத்திட்டா. ஆனா மாருக்குத் தெரியுமா, குழந்தை இல்லேன்னு? மூணாம் நாளு, நாலாம் நாளு பால் கட்டிக்கிட்டுக் கல்லு மாதிரி வலி. பால் வத்தணும்னு மல்லிப்பூவை வச்சுக் கட்டிவிட்டாங்க. அஞ்சு நாளு."

பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிற வழக்கம் நம் பக்கம் பல ஊர்களில் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அம்மா தலையில் மல்லிகை வைத்து நான் பார்த்ததில்லை. கனகாம்பரம்தான் வைப்பாள். தலைவலி வரும் என்று ஒரு காரணம் சொல்வாள்.

அம்மாச்சியைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் உடைந்துபோகக்கூடாது என்றுதான் செய்திருப்பாள். அவளுக்கும் அப்படித்தான் யாராவது வாயைப் பொத்தியிருப்பார்கள். ஆனால் இருபத்திரண்டு வருடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியை, முகம் தெரியாத ஒரு டாக்டர் ஃபார்ம் நிரப்புவதற்காகக் கேட்டபோது, அம்மா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. மூணு என்றாள். அந்த எண் அத்தனை வருடமும் நாக்கு நுனியிலேயே இருந்திருக்கிறது.

இதற்குப் பிறகுதான் ஹான் காங் எழுதிய 'தி ஒயிட் புக்' கைக்கு வந்தது. தென்கொரிய எழுத்தாளர், 2024இல் நோபல் பரிசு பெற்றவர். இந்தப் புத்தகம் கொரிய மொழியில் 2016இல் வெளிவந்தது. நாவலா கவிதையா என்று சொல்ல முடியாத சின்னப் புத்தகம், ஒரே இரவில் படித்துவிடலாம். வெள்ளையான பொருட்களின் பட்டியல் ஒன்று. குழந்தையைச் சுற்றும் துணி, உப்பு, பனி, அரிசி, நிலா. நடுவில் ஒரு சாவு. கதை சொல்கிறவளின் அம்மாவுக்கு இருபத்திரண்டு வயதில், தனியாக இருந்த கிராமத்து வீட்டில், குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. உதவிக்கு ஆளில்லை. வலிக்கு நடுவில் வெள்ளைத் துணியில் தானே ஒரு சட்டை தைக்கிறாள். சாகாதே சாகாதே என்று குழந்தையிடம் கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் குழந்தை போய்விடுகிறது.

சாகாதவளாக அந்த அக்காவைக் கற்பனை செய்து, இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி மறுபடி கட்டப்பட்ட ஒரு வெளிநாட்டு நகரத்தின் தெருக்களில் அவளை நடக்கவிடுகிறாள் தங்கை. ஊர் பெயர் புத்தகத்தில் இல்லை. ஹான் காங் கொஞ்ச காலம் தங்கியிருந்த வார்சாதான் அது. தன் கண்களையும் தன் உடம்பையும் அக்காவுக்குக் கொஞ்ச நேரம் இரவல் கொடுக்கிற மாதிரி. அப்புறம் அந்தத் தங்கை ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அக்கா பிழைத்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன். நாம் இருவரும் ஒரே சமயத்தில் இந்த உலகத்தில் இருக்க வழியில்லை.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா சொன்ன அன்று எனக்குள் ஓடிய கணக்கும் இதுதான். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்த கணக்கு. ஒன்றரை வருடம். அவள் இருந்திருந்தால் அந்த வருடம் அந்த மாதம் நான் வந்திருக்க மாட்டேன். வேறு யாரோ வந்திருப்பார்கள், அல்லது யாருமே இல்லை. நான் படுத்த தொட்டில் அவளுக்காக வாங்கியது. குற்ற உணர்ச்சி என்று சொல்ல மாட்டேன், நான் என்ன செய்தேன்? ஆனால் யாரோ எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தால், அந்த இடத்தின் சூடு தெரியும் இல்லையா? அப்படி. டென்வரை ஏன் மறக்க முடியவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். எப்படி இறந்தது என்று கேட்கவில்லை. "பேர் ஏதாவது நினைச்சு வச்சிருந்தியாம்மா?" என்றேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பெயர் சொன்னாள். யோசிக்கவே இல்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன். "யாரும் கேக்கலையே" என்றாள். பிறகு எழுந்துபோய்க் கீரையை அலசினாள். நான் வெங்காயம் நறுக்கினேன். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம். ஆனால் இப்போதெல்லாம் சில சமயம் தானாகவே ஆரம்பிக்கிறாள். அதுக்குக் காது உன் காது மாதிரியே இருக்கும் என்பாள். அவ்வளவு சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

துக்கத்தை எதற்குக் கிளற வேண்டும், மறந்தால்தானே நல்லது என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. மறப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு என்பதுதான் இந்தப் புத்தகங்களிலிருந்து எனக்குக் கிடைத்த பதில். அம்மா மறக்கவில்லை, பேசாமல் இருந்தாள். நம் ஊரில் கிழவர் இறந்தால் பறை உண்டு, ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாள் உண்டு, வருடா வருடம் திதி உண்டு. வட தமிழ்நாட்டில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று புதுப்புடவை வைத்துக் கும்பிடுகிறார்கள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டிலேயே வைத்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. இடம் இல்லாத துக்கங்களும் இருக்கின்றன. கலைந்துபோன கர்ப்பம், மூன்று நாள் குழந்தை, எடுத்துவிட்ட கர்ப்பப்பை, விட்டுப்போன கணவன். இவற்றுக்கு எத்தனாம் நாள் என்ன சடங்கு? ஒன்றும் இல்லை. அதனால்தான் இவை புத்தகத்துக்குள் பேயாக வருகின்றன என்று நினைக்கிறேன். பேய்க்கு வேண்டியது ரத்தம் இல்லை, ஒரு இடம். பெண்கள் எழுத ஆரம்பித்தபோது அந்த இடத்தைப் பக்கங்களில் கொடுத்தார்கள்.

அந்த இடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஸெத் மாதிரி வீட்டையே எழுதிக்கொடுத்துவிடக் கூடாது. நம்மிடம் இதற்கு ஒரு அளவு ஏற்கெனவே இருக்கிறது. பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். கர்ப்பிணியாகவே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால் வழிப்போக்கர்கள் சுமையை இறக்கட்டும் என்று. லாரியும் மினி வேனும் வந்த பிறகு அவற்றைக் கவனிக்க ஆளில்லை. பல இடங்களில் சாலையை அகலப்படுத்தும்போது பெயர்த்துப் போட்டுவிட்டார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது மாரிசன் பற்றி இன்னொரு செய்தி கிடைத்தது. அடிமைகளாக வந்தவர்களை நினைத்துக்கொள்ள அமெரிக்காவில் ஒரு கல் இல்லை, ஒரு மரம் இல்லை, சாலையோரத்தில் உட்கார ஒரு சின்ன பெஞ்சுகூட இல்லை, அதனால்தான் இந்த நாவல் இருக்க வேண்டியிருந்தது என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தார். அவர் பெயரில் இயங்கும் சங்கம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 2008 ஜூலையில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் வந்திறங்கிய தென் கரோலினாவின் சல்லிவன்ஸ் தீவில் முதல் பெஞ்சைப் போட்டார்கள். சாதாரண இரும்பு பெஞ்சு. மாரிசனே வந்து அதில் உட்கார்ந்தார். அதன் பிறகு வெவ்வேறு ஊர்களில் இன்னும் பல பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள்.

அங்கே ஒரு பெஞ்சு, இங்கே ஒரு கல். இரண்டும் சாலையோரத்தில்தான் இருக்கின்றன. யாரும் அங்கேயே தங்கிவிட முடியாது, கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ பாட்டியோ பேச்சுவாக்கில் ஒரு எண்ணைச் சொல்லி, அது உங்களுக்குத் தெரிந்த கணக்கோடு ஒத்துவராமல் இருந்தால், தப்பாகச் சொல்கிறாள் என்று திருத்தாதீர்கள். பெயர் என்ன என்று கேளுங்கள். பதில் தயாராக இருக்கும்.